பிளாக்கின் ஒரே துப்பாக்கி

“அந்தத் துப்பாக்கியை என் பேருக்கு மாத்திக் குடுங்கப்பா.”

ஷைனி இதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசைக்குப் போய் வந்து, வஞ்சிரக் குழம்பு இறக்கி, வீட்டில் இருக்கிற நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தார்களே தவிர யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட இடமில்லை. மேசையின் நடுவே காக்கி உறைக்குள் துப்பாக்கி நீட்டிப் படுத்திருந்தது. தட்டுகள் நாலும் ஓரத்தில் விழுகிறேன் விழுகிறேன் என்று ஒண்டிக்கொண்டிருந்தன.

அம்மா சகாயமேரியின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. கேட்கக் கூடாது என்று அவள் மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரே விஷயம் இதுதான். “நகை கேளு, துணி கேளு, புடிச்ச பையனைக் கூடக் கேளு. துப்பாக்கி பேச்சை மட்டும் எடுக்காத.” எட்டாவது படிக்கும்போது சொன்னாள். காலேஜுக்குப் போகும்போது சொன்னாள். இன்று காலையில் கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில் கூட, பக்கத்திலிருந்த மகளுக்குக் கைகூப்பிவிட்டு, அதே மூச்சில் சொன்னாள்.

அப்பா சேவியர்ராஜ் யாரையும் கைநீட்டி அடித்தவர் இல்லை. இது டவுன்ஷிப்பில் அவர்கள் இருந்த பிளாக்கு முழுக்கத் தெரிந்த சேதி. குடும்ப விழா அன்று பங்குச் சாமியாரே பிரசங்கத்தில் பேர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். சேவியர்ராஜ் கத்தவும் மாட்டார். வீட்டில் யாராவது எதையாவது கேட்டால் எழுந்து உள்ளே போவார். துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு நின்றுவிடும். சகாயமேரி மார்க்கெட் பக்கம் தையல் கடை போடுகிறேன் என்று கேட்டபோது துப்பாக்கி மேசைக்கு வந்தது. கடை வரவில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்றபோது வந்தது. அவள் அன்று சாயங்காலமே திரும்பி வந்தாள். ஷைனி சென்னையில் எம்.எஸ்சி. படிக்கிறேன் என்றபோது வந்து மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. அந்த மூன்று நாளும் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷைனி பி.எஸ்சி. புள்ளியியலோடு நின்றாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் தாண்டாத படிப்பு அதுவே என்பதால், அதற்கு மேல் கேட்டது அவள் பேராசை என்று முடிவாயிற்று.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, அன்றைக்கே துப்பாக்கியும் மேசைக்கு வந்தது.

“என்னா சொன்ன?” என்றார் சேவியர்ராஜ்.

“துப்பாக்கி எனக்கு வேணும். நான் ஓசூர் போவேன். ஆனா இதையும் அம்மாவையும் ஒரே வூட்ல வுட்டுட்டுப் போவ மாட்டேன். என் பேருக்கு மாத்திக் குடுங்க, நான் எடுத்துக்கினு போறேன். வூடு தம்பிக்கு. நகைன்னு ஏதாவது இருந்தா அதுவும் தம்பிக்கு. எனக்கு இது போதும்.”

சேவியர்ராஜ் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் ஷைனி தாங்கியிருப்பாள். மீசையில் குழம்பு ஒட்டாமலே அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, அப்படிச் சிரித்தார்.

“லைசென்ஸ் வாங்கி இருபத்தஞ்சு வருஷம் ஆனா புள்ளைங்க பேருக்கு மாத்தலாம்னு சட்டமே இருக்குதுப்பா. நானும் புள்ளைதான்” என்றாள் ஷைனி.

“அக்கா, அது எனக்குன்னு பிளாக்கு சங்கத்துல பேசி முடிச்சாச்சு” என்றான் தம்பி ஜெப்ரின். “அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ் என் பேருக்கு வருது, துப்பாக்கியும் என் பேருக்கு வருது. ராமலிங்கம் சார் மினிட்ஸ்ல எழுதிட்டாரு.”

“நம்ம வூட்டுத் துப்பாக்கியைப் பத்தி அவரு எதுக்குடா மினிட்ஸ்ல எழுதறாரு?”

ஜெப்ரின் எழுந்தான். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த சவுக்குக் கம்பு போன வாரம் முறிந்துவிட்டது. ஈரத்துணியெல்லாம் தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு, கரித்தூளில் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு அடியில் குனிந்து போய் நின்று, ராமலிங்கம் சாருக்குப் போன் போட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவசரக் கூட்டம் என்று முடிவாயிற்று.

இது ஏன் பிளாக்கின் விவகாரம் ஆயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சேவியர்ராஜின் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. தோப்புக்குள் காட்டுப் பன்றி வந்தது. பன்றிக்காக லைசென்ஸ் போட்டு ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி வாங்கினார். அவருக்குப் பின் அது மகன் பேருக்கு வந்தது. அப்புறம் தோப்பை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்கு ஈடாக வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தோப்பு போயிற்று, பன்றி எங்கேயோ போயிற்று, துப்பாக்கி மட்டும் போகவில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு லாரியில் ஏறி டவுன்ஷிப்புக்கு வந்துவிட்டது. அது 2011ஆம் வருஷம், பலாப்பழக் காலம் முடிந்த பிற்பாடு.

அந்தக் காலத்தில் பிளாக்கின் பெரிய குற்றம் பலாப்பழத் திருட்டு. ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் தோட்டத்திலும் ஒரு பலாமரம். நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்து பார்த்தால் காம்பில் பால் வடிந்துகொண்டிருக்கும், பழம் இருக்காது. இதற்காகச் சண்டை, அடிதடி, மண்டை உடைப்பு எல்லாம் நடந்திருக்கிறது. ஒருவர் திருடனைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தால், அது அவருடைய சொந்த மச்சான்.

துப்பாக்கி வந்தது. மறு வருஷம் ஒரு பழம் கூடத் திருடு போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

சங்கச் செயலாளர் ராமலிங்கம் சுரங்கத்தில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் வேலை. எதையும் படமாகப் போட்டுப் பார்க்கும் மனுஷன். ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் கோடு இழுத்து, சிவப்பு ஸ்கெட்சில் திருட்டையும் பச்சை ஸ்கெட்சில் துப்பாக்கியையும் வரைந்தார். பச்சை வந்த இடத்தில் சிவப்பு தலைகுப்புற விழுந்து தரையோடு தரையாகப் போயிற்று. அந்தப் படத்தைச் சங்கத்து ஷெட்டில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அது சேவியர்ராஜின் துப்பாக்கி இல்லை, பிளாக்கின் துப்பாக்கி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்கூட்டர், மிக்ஸி, ஸ்பேனர் வரிசையில் அதற்குத்தான் முதல் இடம். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். கிறிஸ்தவ வீட்டுத் துப்பாக்கி என்பதால் காலையிலேயே சாமியாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தமும் தெளித்துக்கொண்டு வருவார் சேவியர்ராஜ். ரெண்டு பக்கத்துப் பாதுகாப்பும் இருக்கட்டும் என்பது ராமலிங்கத்தின் கருத்து.

அஞ்சு மணிக்கு ஷட்டில் கோர்ட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேலியோரம் நின்றார்கள். சகாயமேரியும் அங்கேதான் நின்றாள். ராமலிங்கம் மட்டும் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, பின்னால் வருகிறது. முன்னால் ஒரு டீப்பாயில், காக்கி உறையோடு, துப்பாக்கி.

“சேவியர்ராஜ் மகள் துப்பாக்கியைக் கேக்குது” என்று ஆரம்பித்தார் ராமலிங்கம். “சொத்துரிமை பொம்பளைப் புள்ளைங்களுக்கும் உண்டு, நான் இல்லைங்கல. ஆனா நாம பிளாக்கோட நெலைமையைப் பாக்கணும். துப்பாக்கி ஓசூருக்குப் போச்சுன்னா திருட்டு குறையறது எங்க? ஓசூர்ல. இங்க என்னா ஆவும்? படத்தைப் பாருங்க.”

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். ஷெட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வேலியில் மாட்டியிருந்தார்கள்.

“ஓசூர்க்காரன் ஒரு துப்பாக்கி வாங்கிக்க வேண்டிதுதான, நம்முளுது எதுக்கு?” என்றது ஒரு குரல்.

“ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க வெச்சிக்கலாமே” என்றார் அப்துல் மஜீது. பிளாக்கு முனையில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். யார் சண்டையிலும் யார் பக்கமும் சேராமல் நடுவில் ஒரு வழி சொல்லிப் பழகியவர். “பலா சீசனுக்கு இங்க இருந்தாப் போதும்.”

“அது என்னா பாய், ஆயுதமா, இல்ல அக்கா வூட்டுக்கு லீவுக்குப் போற புள்ளையா?” என்றார் ஒருவர்.

“சரி, போவ வேணாம். இங்கயே இருக்கட்டும், அந்தப் புள்ளை பேருல மட்டும் இருக்கட்டும்” என்றார் இன்னொருவர்.

ராமலிங்கம் தலையை ஆட்டினார். “பொம்பளை பேருல துப்பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சா திருடன் என்னா நெனப்பான்? இந்த வூட்ல ஆம்பளை இல்லன்னு நெனப்பான். திருட்டு ஏறும்.”

ஷைனி எழுந்தாள். அதுவரை பெண்கள் பக்கம் நிற்காமல், யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதுவே பாதிப் பேருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

“சார், நான் படிச்சது இதுதான். மூணு வருஷம் இதை மட்டுந்தான் படிச்சேன். ஒண்ணு கேக்கறேன். துப்பாக்கி வந்த வருஷம் டிசம்பர்ல என்னா வந்துச்சு?”

“என்னா வந்துச்சு?”

“தானே புயல் வந்துச்சு.”

சிலர் படத்தை மறுபடி பார்த்தார்கள்.

“பிளாக்குல ஒரு பலாமரம் நின்னுச்சா சார்? எங்க வூட்டு மரம் சமையல்கட்டு மேல வுழுந்துச்சு. உங்க வூட்டு மரம் ரோட்டுல கெடந்துச்சு, நீங்கதான் அறுத்து வெறவுக்குக் குடுத்தீங்க. மரமே இல்ல. அப்புறம் எந்தப் பழத்தை எவன் திருடுவான்? சிவப்புக் கோடு கீழ வுழுந்தது துப்பாக்கியைப் பாத்து இல்ல, காத்துல வுழுந்துச்சு.”

நாற்காலிகள் கிரீச்சிட்டன. ராமலிங்கம் தலையணையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். வலித்தது போல, பழையபடியே சாய்ந்தார்.

“மரம் இல்லன்னா திருடன் சும்மா இருப்பானாம்மா? சைக்கிளைத் திருடியிருப்பான். கேஸ் சிலிண்டரைத் திருடியிருப்பான். ஏன் திருடல?”

“முன்னாடியும் திருடலயே சார்!”

“அதான் சொல்றேன். முன்னாடியும் திருடல, இப்பவும் திருடல. துப்பாக்கி அந்த நெலைமையைக் காப்பாத்திக்கினு இருக்குது.”

கைதட்டினார்கள்.  ஷைனி விடவில்லை.

“போன வருஷம் எம்.பி. எலக்‌ஷன் வந்துச்சு. லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க எல்லாம் துப்பாக்கியைக் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு சொன்னாங்க, அப்பாவும் ஒப்படைச்சாரு. அந்த மாசங்கள்ள பிளாக்குல துப்பாக்கியே கெடையாது. புதுசா வெச்ச மரமெல்லாம் அப்பத்தான் மொத காய்ப்பு. ஒரு திருட்டாவது நடந்துச்சா?”

“நடக்கல” என்று ஒப்புக்கொண்டார் ராமலிங்கம். “எப்படி நடக்கும்? வட்டாரத்துத் துப்பாக்கி மொத்தமும் ஒரே ஸ்டேஷன்ல சேந்து கெடந்துச்சு. அந்த பயம் எவ்ளோ இருக்கும்!”

“அப்ப எல்லாத்தையும் ஸ்டேஷன்லயே வெச்சிடலாமே சார்?”

ராமலிங்கம் படத்தின் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து வேலியோரமிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரித்தது யாரென்று தெரியவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

“அது தற்காலிக ஏற்பாடு” என்றார் ராமலிங்கம் கடைசியில்.

“சரி, அதை வுடுங்க. ஒரு துப்பாக்கி இருந்தாத் திருட்டு கொறையும்னா, ரெண்டு இருந்தா இன்னும் கொறையணும். அப்படி நெனச்சுத்தான மருதாசலம் மாமா பங்குனியில ஏர் கன் வாங்கினாரு? வாங்கினதுக்கு அப்புறம் பிளாக்குல காயம் பட்டது யாரு?”

எல்லோரும் தலையணையைப் பார்த்தார்கள்.

மருதாசலம் எதிர்வரிசை குவார்ட்டர்ஸ். பிளாக்கில் ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு மரியாதை என்றால் தனக்கும் ஒன்று இருக்கட்டும் என்று, லைசென்ஸ் தேவைப்படாத ஏர் கன் ஒன்றை வாங்கி, பலாப்பிஞ்சு கடிக்க வந்த அணிலைக் குறி வைத்தார். அணில் நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்திருந்த ராமலிங்கம் நகரவில்லை. பதினாலு வருஷத்தில் பிளாக்கில் துப்பாக்கியால் காயம்பட்ட ஒரே ஆள், துப்பாக்கியின் நன்மையைப் படம் போட்டு விளக்கிய ராமலிங்கம்தான்.

“அது குற்றத்துல சேராது” என்றார் அவர் விறைப்பாக. “பாதுகாப்புப் பணியில ஏற்பட்ட விபத்து. அதைப் படத்துல போடக் கூடாது.”

“நானும் அப்பவே மன்னிப்பு கேட்டுட்டேன்” என்றார் மருதாசலம்.

“எங்கம்மா தையல் கடை போடாதது எந்தக் கோட்டுல வருது சார்?” ஷைனியின் குரல் உயர்ந்தது. “பத்து வருஷமா அது தன் தங்கச்சி வூட்ல ஒரு ராத்திரி தங்கல. நான் எம்.எஸ்சி. படிக்கல. அது சிவப்பா பச்சையா? மேசை மேல துப்பாக்கியை வெச்சா வூட்ல யாரும் வாயைத் தொறக்கறதில்ல. அதைப் பாத்துட்டு சாமியாரு அமைதியான குடும்பம்ங்கறாரு. நீங்க குற்றமில்லாத பிளாக்குங்கறீங்க.”

“குடும்ப விஷயத்தை எல்லாம் இங்க கொண்டாராதம்மா” என்று பல குரல்கள் ஒரே சமயத்தில் சொன்னன. துப்பாக்கி மட்டும் எப்படிக் குடும்ப விஷயம் இல்லாமல் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

 சேவியர்ராஜ் கைகட்டி உட்கார்ந்து, மகள் பேசப் பேசத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அப்துல் மஜீது மறுபடியும் நடுவில் ஒரு வழி சொன்னார்.

“பேச்சு எதுக்கு இவ்ளோ? புள்ளையால அதைத் தூக்கி, தோள்ல சாத்தி நிக்க முடியுதான்னு பாத்துடலாம். முடிஞ்சா யோசிப்போம். முடியலன்னா ஜெப்ரினுக்கு.”

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு பெண் பிள்ளை துப்பாக்கியோடு தடுமாறுவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. யாரோ வீடியோ எடுக்கப் போனை நீட்டினார்கள்.

“உறையோட தூக்கட்டும். உறையைக் கழட்டக் கூடாது” என்றார் சேவியர்ராஜ் அவசரமாக. கூட்டத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“உறையோட எப்படிண்ணே தோள்ல சாத்தும்?” என்றார் மருதாசலம், துப்பாக்கி தெரிந்தவர் என்ற முறையில்.

“கழட்டக் கூடாதுன்னா கழட்டக் கூடாது. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். தூசி படும்.”

ஷைனி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெயா? முன்பெல்லாம் துப்பாக்கி மேசைக்கு வந்தால் பேப்பர் விரிப்பார், உறையைக் கழற்றுவார், பழைய பனியன் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துடைப்புக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். கடைசியாக எப்போது துடைத்தார் என்று யோசித்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை. டீப்பாயிடம் போய்க் காக்கி நாடாவை அவிழ்த்து, உறையை ஒரே இழுப்பாக உருவினாள்.

அரை இஞ்சு ஜி.ஐ. தண்ணீர்ப் பைப். ஒரு முனையில், உடைந்த கட்டில் காலொன்றை நட்டுப் போட்டு முடுக்கியிருந்தது. பைப்பின் மேல் போன ஆயுத பூஜையின் சந்தனம், உறைத் துணி வழியாக ஊறி, காய்ந்து ஒட்டியிருந்தது.

 தூரத்தில் சுரங்கத்துக் கன்வேயர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது எப்போதும் கேட்பதுதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

“இது நம்ம கடை பைப்பு” என்றார் அப்துல் மஜீது மெதுவாக. “போன வருஷம் கொடிக்கின்னு சொல்லி வாங்கினீங்க.”

சேவியர்ராஜ் நிமிராமலே பேசினார். “எலக்‌ஷன் முடிஞ்சு திருப்பி வாங்கப் போனேன். எந்தத் தோப்புக்குக் காவல்னு கேட்டாங்க. பட்டாவைக் காட்டுன்னாங்க. தோப்பு மைன்ஸுக்குள்ள போயிடுச்சுன்னேன். மைன்ஸுக்குள்ள பன்னி வருதான்னு கேட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “வரலன்னேன். லைசென்ஸை இனிமே புதுப்பிக்க முடியாதுன்னுட்டாங்க. வெறுங்கையோட எப்படி பிளாக்குக்குள்ள வர்றது?”

ஒரு நிமிஷம் ஷைனிக்கு அந்த மனுஷன்மேல் இரக்கம் வந்தது. இல்லாத தோப்புக்கு இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு காவல் இருந்திருக்கிறார். ஆனால் உடனே கணக்கு ஞாபகம் வந்தது. ஓசூர் கடிதத்துக்கு எதிரே மேசையில் வந்து படுத்தது இந்தப் பைப்புதான். மூன்று நாளாகத் தட்டைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டதும் இதற்காகத்தான். இரக்கம் வந்த வேகத்தில் போயிற்று.

“அம்மா!” என்று வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “பாத்தியா? ஒரு வருஷமா நீ பைப்புக்கு பயந்துக்கினு இருந்திருக்க!”

“எனக்குத் தெரியும்டி” என்றாள் சகாயமேரி.

“தெரியுமா?”

“உறை நான் தச்சதுதான? போன வருஷம் ரெண்டு வெரக்கடை கொறைச்சுத் தைக்கச் சொன்னாரு. துப்பாக்கி தேயுமாடி?”

“தெரிஞ்சா ஏன் சொல்லல? தெரிஞ்சுமா பயந்த?”

சகாயமேரி வேலியைத் தாண்டி ஆண்கள் பக்கம் வந்தாள். அங்கே அவள் வருவது அதுதான் முதல் தடவை.

“உள்ள என்னா இருக்குதுன்னா பயந்தேன்? அதைக் கொண்டாந்து வெக்கறாரு பாரு, அந்த மூஞ்சிக்கு பயந்தேன். அந்த மூஞ்சி மாறலயே.”

இதற்குள் ராமலிங்கம் தேறிவிட்டார். தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு நேராக உட்கார முயன்றார்.

“எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. ஒரு வருஷமா இது பைப்பு. சரி. ஒரு வருஷமா திருட்டு உண்டா? இல்ல. படம் பொய் சொல்லுதா? இல்ல. நாமளே இதைத் துப்பாக்கின்னு நம்பினோம், திருடன் நம்ப மாட்டானா? லைசென்ஸ் வேணாம், எலக்‌ஷனுக்கு ஒப்படைக்க வேணாம், யாரு மேலயும் வெடிக்காது.” இதைச் சொல்லும்போது மருதாசலத்தை ஒரு பார்வை பார்த்தார். “என் கருத்து, இது அதைவிட மேல். உறையைப் போட்டு மூடிடுவோம். இங்க நடந்தது பிளாக்கைத் தாண்டக் கூடாது. ஜெப்ரின் பேருல தீர்மானம். ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. முதலில் மருதாசலம். அப்புறம் முன்வரிசை. அப்துல் மஜீது பாதிக் கையைத் தூக்கினார். ஜெப்ரின் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முழுக் கையையும் தூக்கினான். எல்லோருக்கும் கடைசியில், வெட்கத்திலிருந்து மெல்ல வெளியே வந்தவராக, சேவியர்ராஜ் கையைத் தூக்கினார். தூக்கியபோது அந்தப் பழைய மூஞ்சி திரும்பி வந்துவிட்டது. மூடி வைக்கலாம் என்று உறையைக் கையில் எடுத்துக்கொண்டு டீப்பாய் பக்கம் திரும்பினார்.

பைப் அங்கே இல்லை. சகாயமேரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷட்டில் கோர்ட்டிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக் கொல்லை தெரியும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பைப்பின் கட்டில்கால் முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் கொடிக் கயிற்றுக்குக் கீழே கொடுத்து, ஒரு உந்து உந்தினாள். தொய்ந்து கிடந்த துணிகள் அத்தனையும் ஒரே தூக்கில் எழுந்தன. புடவை, லுங்கி, ஜெப்ரினின் சுரங்கத்து நீல யூனிஃபார்ம், சேவியர்ராஜின் பனியன்.

“ஐயோ, ஊரே பாக்குதே” என்றார் ராமலிங்கம். “பிளாக்கு வழியா போறவன் எவனாவது பாத்தா என்னா ஆவறது?”

யாரும் போய் அதை எடுக்கவில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது.

ஷைனி வீட்டுக்குள் வந்தபோது அப்பா அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். வெறும் உறையோடு கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நீளக் குடையை எடுத்தார். உறைக்குள் விட்டார், நாடாவைக் கட்டினார், மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்ற கூச்சம் கூட இல்லை. அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதற்குள் இருப்பது மழைக்குப் பிடிக்கிற குடை.

“ஓசூரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது” என்றார்.

இவர் எதையும் வைப்பார் என்று ஷைனிக்குப் புரிந்தது. குடையை எடுத்தால் பூரிக்கட்டையை வைப்பார். பூரிக்கட்டையை ஒளித்தால் வெறும் உறையை வைப்பார். துப்பாக்கியை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டால் அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம். பிரித்துக் கொண்டுபோக வேண்டியது துப்பாக்கியை இல்லை.

உள்ளே போனாள். அவளுடைய பை வெள்ளிக்கிழமையிலிருந்தே கட்டித் தயாராக இருந்தது. பரணிலிருந்து இன்னொரு பையை இறக்கினாள். அம்மாவின் புடவைகளை மடிக்காமல் திணித்தாள். ஜெபமாலை, மாத்திரைப் பெட்டி, கத்தரிக்கோல், தையல் டேப். ஓசூர் கம்பெனி ஹாஸ்டலில் ரெண்டு பேரைச் சேர்க்க மாட்டார்கள். அதை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம்.

ரெண்டு கையிலும் ரெண்டு பையோடு கூடத்துக்கு வந்தாள். ஜெப்ரின் வாசலில் நின்றவன், என்ன சொல்வதென்று தெரியாமல் வழியை விட்டான்.

“எங்க போற?” என்றார் சேவியர்ராஜ். கை தானாக உறைமேல் போய் உட்கார்ந்தது.

“மழை வந்தா அதை எடுத்துப் புடிங்கப்பா” என்றாள் ஷைனி.

கொல்லை வழியாகப் போனாள். சகாயமேரி கொடியடியில் நின்று, காயாத துணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த ரெண்டு பையைப் பார்த்தாள். ரெண்டாவது பையின் வாயில் தன் பச்சைப் புடவையின் முந்தானை வெளியே தொங்கியதையும் பார்த்தாள்.

“அங்க கொடி கட்ட எடம் இருக்குமாடி?” என்றாள்.

“மாடி இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நிற்காமல், ஷைனி வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். பின்னால் அம்மா தன் துணிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து உருவும் சத்தம் கேட்டது.